15 வருடத்துக்கு ஒரே ஒரு பரீட்சை

பழைய சின்னக் கார் வாங்குவோர் பெயின்ட்டைப் பார்க்கிறார்கள், ஏ.சி.யைப் போட்டுப் பார்க்கிறார்கள். தகுதிச் சோதனையில் வண்டியைத் தோற்கடிப்பது அவை இரண்டும் அல்ல.

ஞாயிற்றுக்கிழமை காலை. டெல்லி கரோல் பாக் ஆகட்டும், சென்னையின் ஏதோ ஒரு புறநகர்ச் சாலை ஆகட்டும், பழைய கார் விற்கும் இடங்களில் காட்சி ஒன்றுதான். கணவர் பானெட்டைத் திறந்து, தனக்குப் புரியாத எதையோ உற்றுப் பார்க்கிறார். மனைவி பின்சீட்டில் உட்கார்ந்து இடம் போதுமா என்று கணக்குப் போடுகிறார். பையன் ஹாரனை அடிக்கிறான். ஏ.சி. சில்லென்று வீசுகிறது. மீட்டரில் 48,000 கிலோமீட்டர். ஒரே கை, டாக்டர் ஓட்டிய வண்டி என்கிறார் தரகர். அப்படியும் தயங்குகிறவரிடம் கடைசி அஸ்திரமாக ஆர்.சி.யை நீட்டுகிறார்: ஃபிட்னஸ் இன்னும் நான்கு வருடம் இருக்கிறதே, வேறென்ன வேண்டும்?

பழைய கார் வியாபாரத்தில் மிகத் தவறாகப் படிக்கப்படும் வரி அதுதான். மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன்படி சொந்த உபயோகக் காரின் பதிவு 15 வருடத்துக்குச் செல்லும். ஆர்.சி.யில் உள்ள ஃபிட்னஸ் தேதி அந்த 15 வருடக் கெடுவின் தேதி, அவ்வளவே. ஷோரூமிலிருந்து வண்டி வெளியே வந்த நாளிலேயே அது எழுதப்பட்டுவிட்டது. இடையில் எந்த இன்ஸ்பெக்டரும் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்ததாக அதற்கு அர்த்தம் இல்லை. பார்க்கச் சொல்லிச் சட்டமும் இல்லை. ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ ஒரு முறை எடுக்கும் புகைச் சான்றிதழ் ஒன்றுதான் நடுவில் வரும் சோதனை. அதற்கும் பிரேக்குக்கும் சம்பந்தம் கிடையாது.

இதே காரில் மஞ்சள் போர்டு மாட்டி டாக்ஸியாக ஓட்டினால் நிலைமை வேறு. முதல் எட்டு வருடத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும், அதன் பிறகு வருடா வருடமும் எஃப்.சி.க்குப் போக வேண்டும். வெள்ளை போர்டு என்றால் 15 வருடத்துக்கு ஒரே ஒரு பரீட்சை. அதற்குள் அந்தக் கார் மூன்று நான்கு கை மாறிவிடுகிறது. பரீட்சைக்கு அழைத்துப் போகிறவர் பெரும்பாலும் கடைசியாக வாங்கியவர்.

இரட்டையர் கதை

இது எவ்வளவு பெரிய இடைவெளி என்பதை ஒரே தொழிற்சாலையில் பிறந்த இரண்டு கார்கள் காட்டுகின்றன. ஹரியானாவின் மனேசரில் மாருதி தயாரித்த ஏ-ஸ்டார் 2008 நவம்பரில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 998 சி.சி., மூன்று சிலிண்டர் எஞ்சின். அதே கார் சுஸுகி ஆல்ட்டோ என்ற பெயரில் கப்பலேறி 2009-லிருந்து ஐரோப்பாவில் விற்கப்பட்டது. நிஸ்ஸான் முத்திரையுடன் பிக்ஸோ என்றும் ஓடியது.

பிரிட்டனுக்குப் போன காருக்கு மூன்று வயதானதும் எம்.ஓ.டி. என்ற தகுதிச் சோதனை ஆரம்பமாகிவிட்டது. 1960-லிருந்து நடைமுறையில் இருக்கும் இந்தச் சோதனை, அதன்பின் வருடா வருடம் நடந்தாக வேண்டும். இங்கே தங்கிவிட்ட அதன் சகோதரன் 15 வயதில் முதல் சோதனைக்குப் போகும்போது, அங்கே போனது ஏற்கெனவே ஒரு டஜன் முறை சோதிக்கப்பட்டிருக்கும்.

முடிவுகளை அங்கே யாரும் மறைக்க முடியாது. நம்பர் பிளேட்டை இணையத்தில் தட்டினால் போதும். எந்த வருடம் எதில் தோற்றது, அப்போது மீட்டர் எத்தனை மைல் காட்டியது, அடுத்த வருடம் கவனிக்க வேண்டியது என்ன என்பதெல்லாம் யார் பார்வைக்கும் கிடைக்கும். மீட்டரைத் திருப்பி வைத்தால் அந்தப் பட்டியலே காட்டிக் கொடுத்துவிடும். இங்கே வாகன் தளத்தில் நம்பரைப் போட்டால் எத்தனையாவது உரிமையாளர், இன்ஷூரன்ஸ் எதுவரை, கடன் பாக்கி உண்டா என்பது தெரியும். வண்டியின் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

பிரிட்டிஷ் பதிவேடுகளில் இன்னொரு பாடமும் உண்டு. வண்டிகளை அதிகம் தோற்கடிக்கும் பகுதிகள் விளக்குகள், சஸ்பென்ஷன், பிரேக், டயர். எஞ்சின் அந்த வரிசையில் முன்னால் இல்லை. இங்கே வாங்குகிறவர் முதலில் காது கொடுத்துக் கேட்பதோ எஞ்சினைத்தான்.

தோற்கும் இடங்கள்

இந்தியாவிலும் பழைய முறை மாறி வருகிறது. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து கையெழுத்துப் போடும் வழக்கத்துக்குப் பதிலாக இயந்திரங்கள் சோதிக்கும் தானியங்கி நிலையங்களுக்கான விதிகளை மத்திய அரசு 2021 செப்டம்பரில் அறிவித்தது. இவற்றில் பிரேக் உருளைகள் மீது நிறுத்தி அளக்கப்படுகிறது. ஹெட்லைட்டின் கோணத்தைக் கருவி அளக்கிறது. மூட்டுகளின் ஆட்டத்தைக் காட்ட அசையும் தகடுகள் இருக்கின்றன. கருவியிடம் சிபாரிசு எடுபடாது. ஆல்ட்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ போன்ற பழைய சின்னக் கார்கள் எங்கே இடறுகின்றன?

பிரேக்: இந்தக் கார்களில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். முன்சக்கரங்களே பெரும் பங்கு வேலையைச் செய்துவிடுவதால் பின்பிரேக் செத்துப்போனது ஓட்டுகிறவருக்குத் தெரிவதே இல்லை. டிரம்முக்குள் வீல் சிலிண்டர் கசிந்து பிரேக் ஷூ எண்ணெயில் ஊறிக் கிடக்கும். கசிந்த பக்கம் பிடிக்காது, மறுபக்கம் மட்டும் பிடிக்கும். தினமும் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஆபீஸ் போய் வருகிறவருக்கு இது வருடக்கணக்கில் உறைக்காது. மழையில், நெடுஞ்சாலையில், குறுக்கே மாடு வந்து நிற்கும் அந்த ஒரு நொடியில் வண்டி பக்கவாட்டில் இழுக்கும்போதுதான் உறைக்கும். உருளைச் சோதனை ஒவ்வொரு சக்கரத்தின் பிடிப்பையும் தனித்தனியாக அளப்பதால் இந்தக் குட்டு உடனே உடைகிறது.

ஹேண்ட் பிரேக் அடுத்தது. பலர் கியரில் போட்டு நிறுத்துவதோடு சரி. பயன்படாத கேபிள் துருப்பிடித்து இறுகிப்போகும். பிரேக் ஆயிலையும் மறந்துவிடுகிறார்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் திரவம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றாவிட்டால் மலைப்பாதை இறக்கத்தில் சூடேறிக் கொதித்து, பெடல் பொதுக்கென்று உள்ளே போய்விடும்.

ஸ்டியரிங், சஸ்பென்ஷன்: நம் வேகத்தடைகளும் பள்ளங்களும் முதலில் பதம் பார்ப்பது முன்பக்க லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராடு எண்டு ஆகியவற்றைத்தான். ரப்பர் உறை கிழிந்து மண்ணும் தண்ணீரும் உள்ளே போனால் மூட்டு தேய்ந்து ஆட்டம் காணும். மெதுவாகப் போகும்போது டக், டக் என்று ஒரு சத்தம். ரேடியோவைச் சத்தமாக வைத்து டெஸ்ட் டிரைவ் தருகிற தரகருக்கு அந்தச் சத்தத்தின் விலை தெரியும். ரப்பர் உறை மலிவான சாமான்தான். ஆனால் பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரமே மடிந்துவிடும்.

விளக்குகள்: கம்பெனி கொடுத்த 60/55 வாட் பல்புக்குப் பதில் 100 வாட் பல்பு, அல்லது நீல வெளிச்சம் தரும் எல்.ஈ.டி. இதற்காக அறுத்து ஒட்டிய ஒயரிங். விளைவு, எதிரே வருகிறவருக்குக் கண் கூசுகிறது, உருகிய ஒயர் தீப்பிடிக்க வழி செய்கிறது. இன்னொரு பக்கம், வெயிலில் மஞ்சளாகிப்போன பிளாஸ்டிக் மூடிக்குள்ளிருந்து வெளிச்சமே வராத வண்டிகள். எரியாத பிரேக் லைட், உடைந்த ரிஃப்ளெக்டர் போன்ற சில்லறைக் காரணங்களுக்காகத் திருப்பி அனுப்பப்படும் வண்டிகளும் உண்டு.

டயர்: பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது விதி. பள்ளம் நன்றாக இருந்தும் ஏமாறலாம். வருடத்தில் 3,000 கிலோமீட்டர்கூட ஓடாத வண்டியின் டயர் தேயாது, ஆனால் ரப்பர் காய்ந்து பக்கவாட்டில் வெடித்திருக்கும்.

புகை: பலரும் அறியாத விஷயம் இது. எல்லாக் கார்களுக்கும் ஒரே அளவுகோல் இல்லை. பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய காரில், ஐட்லிங்கில் கார்பன் மோனாக்ஸைடு 3 சதவீதம் வரை அனுமதி. பாரத் ஸ்டேஜ் 2, 3 கார்களுக்கு அது 0.5 சதவீதம். 4 என்றால் 0.3 சதவீதம். எனவே ஒழுங்காக டியூன் செய்த பழைய கார்பரேட்டர் வண்டி பாஸாகும் இடத்தில், சென்ஸார் கெட்டுப்போன ஆல்ட்டோ தோற்கலாம். சைலன்ஸரோடு இருக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் இருப்பதால், அதைக் கழற்றி விற்றுவிட்டு வெறும் குழாயைப் பற்றவைத்துத் தருகிறவர்களும் உண்டு.

சொந்தச் சேர்க்கைகள்: முன்னால் மாட்டிய கம்பித் தடுப்பு சட்டவிரோதம் என்று மத்திய அரசு 2017 டிசம்பரில் சொல்லிவிட்டது. கறுப்பு ஃபிலிம் இன்னொரு வம்பு. முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் வெளிச்சம் புக வேண்டும். சி.என்.ஜி. கிட் பொருத்தியிருந்தால் ஆர்.சி.யில் பதிவாகியிருக்க வேண்டும். சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒரு முறை அழுத்தச் சோதனை நடந்திருக்க வேண்டும்.

பட்டிக்குள் ஒளிந்த எதிரி

மேலே சொன்ன எல்லாவற்றையும் பணம் கொடுத்தால் சரி செய்யலாம். பிரேக், டை ராடு எண்டு, பல்பு என்று ஒன்றிரண்டு நாள் ஒர்க் ஷாப் வேலை. சரி செய்து மாளாதது துரு. சின்னக் காரில் தனியாக சேஸிஸ் சட்டம் கிடையாது. தகட்டு உடம்புதான் சட்டம். தரை, கதவின் அடிப்பட்டி, சக்கர வளைவு, சஸ்பென்ஷன் பொருந்தும் இடம் ஆகியவை அரித்துவிட்டால் விபத்தில் தாங்க அங்கே எதுவும் மிச்சமிருக்காது.

சென்னை, மும்பை, கொச்சி போன்ற கடற்கரை ஊர் வண்டிகளில் உப்புக்காற்று இந்த வேலையைச் சீக்கிரமாகச் செய்கிறது. வெள்ளத்தில் மூழ்கிய கார்களில் மிதியடிக்கு அடியிலிருந்து ஆரம்பிக்கிறது. டிங்கரிங் கடையில் ஓட்டை மேல் பட்டி பூசி, பெயின்ட் அடித்தால் கண்ணுக்குத் தெரியாது. மெக்கானிக்குகளின் உபாயம் எளிமையானது. சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி உடம்பு நெடுகத் தடவுகிறார்கள். தகடு இருந்தால் ஒட்டும், பட்டி இருந்தால் விழும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அதில் மட்டும் இந்த வித்தை செல்லாது.

எஞ்சின் எப்படி?

இந்த வகைக் கார்களின் பெருமை எஞ்சின்தான். 1983 டிசம்பரில் முதல் மாருதி 800-ஐ ஓட வைத்த 796 சி.சி. எஞ்சின் குடும்பம், அந்தக் காரின் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்ற பிறகும் ஆல்ட்டோவில் தொடர்ந்தது. ஆல்ட்டோ மட்டுமே 2020-க்குள் 40 லட்சத்துக்கு மேல் விற்றுவிட்டது. எனவே எந்தச் சிற்றூரிலும் இதைப் பிரித்துப் போடத் தெரிந்த ஒருவர் இருப்பார், உதிரி பாகமும் கிடைக்கும். நம்பகம் என்பது பாதி இதுதான்.

ஆனால் எஞ்சினுக்கு எஞ்சின் வித்தியாசம் உண்டு. 796 சி.சி. எஞ்சினில் இருப்பது ரப்பர் டைமிங் பெல்ட். குறித்த கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். மாற்றாமல் அறுந்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். ஏ-ஸ்டாரின் 998 சி.சி. எஞ்சினில் இருப்பது செயின். அதற்கு அந்தக் கவலை குறைவு, ஆனால் ஆயில் மாற்றாமல் ஓட்டினால் அது இழுபட்டுக் கலகலக்கும். ஏ-ஸ்டாருக்கு இன்னொரு விசாரணையும் தேவை. பெட்ரோல் பம்ப் பகுதியில் கசிவு வரக்கூடும் என்பதால் சுமார் 1 லட்சம் ஏ-ஸ்டார்களை மாருதி 2010 பிப்ரவரியில் திரும்ப அழைத்தது. நீங்கள் பார்க்கும் வண்டியில் அந்த வேலை முடிந்ததா என்பதைக் கம்பெனி ஒர்க் ஷாப்பில் சேஸிஸ் நம்பரைச் சொல்லித் தெரிந்துகொள்ளலாம்.

கட்டணமும் காகிதமும்

15 வயது தாண்டும் காருக்குப் பதிவைப் புதுப்பிக்க முன்பு ரூ. 600 போதும். 2022 ஏப்ரல் 1 முதல் அது ரூ. 5,000. 20 வருடம் தாண்டியதற்கு ரூ. 10,000 என்று 2025 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. தாமதித்தால் மாதத்துக்கு ரூ. 500. மாநிலங்களின் பசுமை வரி தனி. சோதனையில் தேறினால் ஐந்து வருடம் கிடைக்கும். ஆக, 14 வயதுக் காரை மலிவு என்று வாங்குகிறவர், விலையோடு இந்தக் கட்டணத்தையும், பிரேக், டயர், சஸ்பென்ஷன் வேலையையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். சில சமயம் இந்தக் கூட்டுத்தொகை, நான்கு வருடம் இளைய காரின் விலைக்கு அருகே வந்துவிடும்.

டெல்லி வண்டிகளுக்குத் தனிக் கணக்கு. 10 வருடம் தாண்டிய டீசல், 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகள் தலைநகர் வட்டாரத்தில் ஓடக்கூடாது என்ற தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவை உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதி செய்தது. 2025-ல் சில தளர்வுகளும் திருத்தங்களும் வந்தன. கெடு நெருங்கும் டெல்லி வண்டிகள் தடையில்லாச் சான்றிதழோடு மற்ற மாநிலங்களுக்குப் பயணமாவதற்கு இதுதான் காரணம். விலை கண்ணைப் பறிக்கும். ஆனால் சொந்த மாநிலத்தில் மறுபதிவு செய்து, அங்கே மறுபடி வரி கட்டிய பிறகுதான் அசல் விலை தெரியும். தடையில்லாச் சான்றிதழும், கடன் தீர்ந்ததற்கான படிவம் 35-ம் கைக்கு வராமல் முன்பணம் கொடுப்பது வம்பை விலைக்கு வாங்குவதாகும். இன்ஷூரன்ஸைப் பெயர் மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதும் பலர் தவறவிடும் கெடு.

அரை மணி நேரம், ஒரு ஜாக்கி

அரசு பார்க்காததை வாங்குகிறவரே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். கருவி எதுவும் தேவையில்லை. ஒரு டார்ச், ஒரு காந்தம், தெரிந்த மெக்கானிக் ஒருவர் போதும்.

* எஞ்சின் ஆறியிருக்கும்போதே போய்ச் சேருங்கள். ஏற்கெனவே சூடாக்கி வைத்திருந்தால் காரணம் கேளுங்கள். ஸ்டார்ட் செய்தவுடன் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது.

* ஆயில் மூடியின் உட்புறம் பாருங்கள். வெண்ணெய் போல் வெளுத்த பசை கெட்டியாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம்.

* முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கச் சொல்லுங்கள். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பால் ஜாயின்ட், பேரிங்கின் ஆட்டம் தெரியும். இடமும் வலமும் ஆட்டினால் டை ராடு எண்டு தெரியும். தூக்கிய வண்டிக்கு அடியில் உடம்பை நுழைக்க வேண்டாம்.

* பின்சக்கரங்களின் உட்புறம் டார்ச் அடியுங்கள். ஈரக் கறை இருந்தால் வீல் சிலிண்டர் கசிகிறது.

* காலியான சாலையில், பின்னால் யாரும் வராதபோது, 30 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் அடித்துப் பாருங்கள். ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தால் பிரேக்கைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

* மிதியடியை எடுத்து, தரைத்தகட்டைக் கையால் அழுத்துங்கள். ஸ்பேர் டயர் குழியில் தண்ணீர்க் கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

* மீட்டரை நம்பாதீர்கள், பெடல் ரப்பரை நம்புங்கள். வழுவழுவென்று தேய்ந்த பெடலும் 48,000 கிலோமீட்டரும் ஒத்துப்போகாது. டயரில் உள்ள நான்கு இலக்க எண்ணும் பேசும். 3219 என்றால் 2019-ம் வருடத்தின் 32-வது வாரம் தயாரானது.

* கண்ணாடிகளில் பொறித்த வருடத்தை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் புதிது என்றால் அந்தப் பக்கம் அடிபட்ட கதையைக் கேளுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு எல்லாம் சரியாக உள்ள பழைய சின்னக் கார் கிடைக்காமல் போகாது. ஒழுங்காகப் பராமரித்த 12 வயது ஆல்ட்டோ, கவனிப்பாரற்ற 6 வயதுக் காரைவிட நல்ல துணை. ஏர் பேக் முதலியவை இதில் இருக்க வாய்ப்பு குறைவு. ஓட்டுநருக்கான ஏர் பேக் எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயமானதே 2019 ஜூலையில்தான். அப்படிப்பட்ட வண்டியில் பிரேக்கும் டயரும் சீட் பெல்ட்டும்தான் குடும்பத்துக்கு இருக்கும் கவசம்.

கரோல் பாக்கில் அந்தக் குடும்பம் இன்னும் யோசித்துக்கொண்டு நிற்கலாம். அவர்கள் தரகரிடம் கேட்க வேண்டிய கேள்வி விலையைப் பற்றியது அல்ல. எங்கள் மெக்கானிக்கை அழைத்து வருகிறோம், வண்டியை ஜாக்கியில் தூக்கிக் காட்டுவீர்களா என்று கேட்க வேண்டும். சரி என்றால் பேரத்தைத் தொடரலாம். நேரமில்லை, வேறு ஆள் முன்பணத்தோடு காத்திருக்கிறார் என்ற பதில் வந்தால், பையனை ஹாரனிலிருந்து கையை எடுக்கச் சொல்லிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போகலாம்.